படம் முடங்கிய வீடு

வெள்ளையம்மாளின் பிள்ளை ஐந்து மாதமும் பதினோரு நாளும் உயிரோடு இருந்தது. தலை நின்றுவிட்டது, குப்புற விழுந்துவிட்டது, வயிற்றால் நகர்ந்து பாயின் ஓரம் வரைக்கும் வரவும் பழகியிருந்தது. இன்னும் ஒரு மாதம், போனால் ஒன்றரை மாதம் இருந்திருந்தால் தவழ்ந்திருக்கும். அதற்குள் மார்கழிப் பனியில் மூன்று நாள் ஜுரம் கண்டு போய்விட்டது.

பெற்றவள் துக்கம் பெற்றவளோடு. தெருவுக்கு அதில் பெரிதாக ஒன்றுமில்லை. தெரு கவலைப்பட்டது வேறொன்றுக்காக. படம் அவள் வீட்டில் மாட்டிக்கொண்டது.

திண்டிவனத்திலிருந்து கிளியனூர் போகிற சாலையில் இரண்டு மைல் தள்ளி இருந்தது அந்த ஊர். பெரிய தெருவில் பதினேழு வீடுகள். எல்லாம் சொந்த நிலத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் கேப்பையும் போடுகிற குடும்பங்கள். இந்தப் பதினேழு வீட்டுக்கும் பொதுவாக ஒரு படம் இருந்தது. முழ உயரத்தில் ஒரு கண்ணாடிப் படம். தவழ்கிற கிருஷ்ணன். கொழுகொழுவென்று, ஒரு கை தரையில் ஊன்றி, இன்னொரு கையில் வெண்ணெய் உருண்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வந்தவர் போனவரையெல்லாம் பார்த்துச் சிரிக்கிற பிள்ளை. யார் வீட்டுச் சம்பந்தியோ தஞ்சாவூரிலிருந்து கொண்டுவந்ததாம். எந்த வருஷம் என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள்.

தெருவில் ஒருத்தி முழுகாமல் இருந்தால் ஐந்தாம் மாதத்தில் படம் அவள் வீட்டுக்குப் போகும். படுத்து எழுந்ததும் கண்ணில் படுகிற சுவரில் மாட்டுவார்கள். அவள் தினம் முதலில் பார்ப்பது அந்த முகமாக இருக்க வேண்டும். பிள்ளை பிறந்து வளர்ந்து, அந்த வீட்டில், அந்தப் படத்துக்கு முன்னால் தவழ்ந்த பிறகுதான் படம் அடுத்த வீட்டுக்குக் கிளம்பும். நடுவில் வேறு யாராவது கர்ப்பமானால் காலையில் அந்த வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போவாள். ஆனால் ஒரு பிள்ளை தவழாமல் படத்தை ஆணியிலிருந்து எடுக்கக் கூடாது. சாமி பாதியில் எழுந்து போன மாதிரி ஆகிவிடுமாம். இந்தப் படம் வந்த நாளிலிருந்து தெருவில் பிள்ளைச் சாவே இல்லை என்று பெருமையடித்துக்கொள்வார்கள். செத்ததையெல்லாம் மறந்துவிட்டால் எந்தத் தெருவும் அப்படிப் பெருமையடித்துக்கொள்ளலாம். ஆனால் படம் மாட்டிய வீட்டில் பிறந்த பிள்ளை செத்தது இதுதான் முதல் தடவை. இதை மறக்க அவர்களால் முடியவில்லை, ஏனென்றால் படம் நகர மறுத்தது.

தெருவில் மூத்தவர் கோதண்டபாணி. தீட்டு கழிந்ததும் வெள்ளையம்மாளின் புருஷன் சீனுவாசனைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

"தவழாம எடுக்கக் கூடாதுப்பா. உனக்கு அடுத்தது பொறக்கட்டும். இல்லாட்டி வேற யாராவது புள்ளயக் கொண்டாந்து உங்க வூட்டுல தவழ வுடட்டும். அதுவும் சரிதான்."

எந்தத் தாய் கொண்டுவருவாள்? பிள்ளை செத்த வீட்டில், அது செத்த இடத்துக்குப் பக்கத்தில், தன் பிள்ளையைத் தரையில் இறக்கிவிட எவளுக்கு மனசு வரும்? ஒருத்தியும் வரவில்லை. காலையில் படத்தைப் பார்க்க வந்துகொண்டிருந்தவர்களும் நின்றுவிட்டார்கள். தை மாதம் வெங்கடாசலம் வீட்டில் ஒரு குழந்தை பிறந்து மூன்றாம் நாள் போயிற்று. அன்றிலிருந்து கிணற்றடியில் வெள்ளையம்மாள் குடத்தை வைத்தால் மற்றவர்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டார்கள். படத்தை முடக்கி வைத்துக்கொண்டு இருக்கிறாளாம். அவளா முடக்கினாள்? அவள் கையில் இருந்திருந்தால் அன்றைக்கே தலையில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்திருப்பாள்.

விடிந்து கண் திறந்தால் எதிரில் அந்தப் பிள்ளை. துணி போட்டு மூடக் கூடாது, அது பாவம். திரும்பிப் படுத்தாலும் முதுகில் அது சிரிப்பது தெரிந்தது. மார்பில் பால் வற்றுவதற்கே ஒரு மாதம் ஆயிற்று. பால் கட்டி வலிக்கிற விடியற்காலைகளில் அவள் அந்தப் படத்தை வெறுத்தாள். நன்றாக, மனசார வெறுத்தாள். பிறகு சாமியை வெறுத்துவிட்டோமே என்று பயந்து விழுந்து கும்பிட்டாள். சீனுவாசன் கெட்டவன் இல்லை. ஆனால் அவன் பேச்சைக் குறைத்துக்கொண்டான், கொல்லையில், தன் மல்லாட்டை நிலத்தில், அதிக நேரம் இருந்தான். அவளுக்குப் பேச்சுத் துணை அந்தச் சுவர்தான்.

அவளோடு மிச்சமிருந்த ஒரே மனுஷி பக்கத்து வீட்டுச் சின்னபொண்ணு. அரங்கநாதன் பெண்டாட்டி. இருபது வயசு, இரண்டு முறை கலைந்துவிட்டது, இப்போது மூன்றாவது. இரண்டு வீட்டுக்கும் நடுவே பின்பக்கத்தில் ஒரு முள்வேலி. மாசி மாதத்தில் ஒருநாள் வேலிக்கு அந்தப்புறம் நின்று அழுதாள்.

"எனக்குப் பயமா இருக்குதுக்கா. அஞ்சு ஆயிடுச்சு. போன ரெண்டும் ஆறுலதான் போச்சு. படம் மட்டும் வந்துட்டா தங்கிடும்னு தோணுது. இவரு உங்க வூட்டுக்குள்ள காலு வெச்சா வெட்டிடுவேன்னு சொல்றாரு. நான் இன்னாக்கா பண்ணுவேன்?"

அன்றிலிருந்து வெள்ளையம்மாளுக்கு வேறு நினைப்பு இல்லை. படம் போக வேண்டும். ஆறாம் மாதம் முடிவதற்குள் சின்னபொண்ணு வீட்டுச் சுவரில் இருக்க வேண்டும். அந்தப் பெண்ணுக்கு ஒரு பிள்ளை தங்கிவிட்டால் தன் மேல் இருக்கிற பழி போகும், அந்தச் சிரிப்பும் கண்ணை விட்டுப் போகும். அதற்கு ஒரு பிள்ளை தவழ வேண்டும். ஒரே ஒரு பிள்ளை, ஒரே ஒரு தடவை.

பிள்ளை இருந்தது. அவள் கொல்லையிலேயே இருந்தது.

சவுரியம்மாள் அவர்கள் நிலத்தில் களையெடுக்கிறவள். ஏரிக்கரைக்கு அந்தப்புறம் சேரியில் குடிசை. புருஷன் பெரியசாமி சீனுவாசனிடமே ஏர் ஓட்டினான். குடிசையில் மாதா படம் வைத்திருக்கிற வேதக்காரக் குடும்பம். அவளுக்கு எட்டு மாதத்தில் ஒரு பெண் குழந்தை, ஜெயம் என்று பெயர். வரப்பில் வேப்பமர நிழலில் விட்டுவிட்டு வேலை செய்வாள். அது மண்ணைக் கிளறிக்கொண்டு, சாலுக்குச் சால் தாண்டித் தவழ்ந்து போகும். வெள்ளையம்மாள் கூழ் கொண்டுபோகிறபோதெல்லாம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். வழக்கத்தில் ஒரு பிள்ளை என்றுதான் சொல்லியிருக்கிறது. யார் பிள்ளை என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமே வராது என்று நினைத்திருப்பார்கள்.

பங்குனி உத்திரத்துக்குத் தெருவே மயிலத்துக்கு வண்டி கட்டியது. வெள்ளையம்மாள் வீட்டுக்கு விலக்கு என்று பொய் சொல்லிப் பின்கட்டில் உட்கார்ந்துகொண்டாள். வண்டிகள் போய்ப் புழுதி அடங்கியதும் கொல்லைக்குப் போய்ச் சவுரியம்மாளைக் குழந்தையோடு கூட்டிவந்தாள். தோட்டத்து வாசலுக்கு வரும்வரை காரணம் சொல்லவில்லை. சொன்னதும் சவுரியம்மாள் குழந்தையை இறுக்கிக்கொண்டு இரண்டடி பின்னால் போனாள்.

"வாணாம்மா. யாருக்காவது தெரிஞ்சா எங்கள உசுரோட கொளுத்திடுவாங்க."

"யாருக்குத் தெரியப்போவுது? ஊருல ஒரு ஈ காக்கா இல்ல. ஜல்தியா ஆயிடும்டி. உள்ள ஒரு தரம் தவழ்ந்துட்டு வந்துடட்டும்."

"நாங்க வாசப்படி ஏறுனதே இல்லம்மா."

"நீ ஏற வாணாம். புள்ளய மட்டும் குடு. சவுரி, உன் கால்ல விழுறேண்டி."

விழுந்தும் விட்டாள். நிலத்துக்காரி கூலிக்காரியின் காலில் விழுந்தாள். பார்ப்பதற்குக் கெஞ்சல் மாதிரிதான் இருந்தது. ஆனால் நாளைக்குக் களையெடுக்கக் கூப்பிடுவதும் கூப்பிடாமல் விடுவதும் யார் கையில் இருக்கிறதோ அவள் கெஞ்சினால் அதற்குப் பெயர் கெஞ்சல் இல்லை. சவுரியம்மாளுக்கு அது தெரிந்தது. வெள்ளையம்மாளுக்கு அன்று தெரியவில்லை. குழந்தை கைமாறியது.

உள்ளே கொண்டுபோய்ப் படத்துக்கு நேரே தரையில் இறக்கிவிட்டாள். குழந்தை முதலில் உட்கார்ந்து சுற்றுமுற்றும் பார்த்தது. வழவழவென்ற தரை அதற்குப் புதுசு. உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டியது. பிறகு கையை ஊன்றி, முட்டியை ஊன்றி, நேராகச் சுவரைப் பார்த்து ஓடாத குறையாகத் தவழ்ந்தது. சுவருக்குக் கீழே நின்று தலையைத் தூக்கிப் படத்தைப் பார்த்து, ஒரு கையை உயர்த்திக் கத்திச் சிரித்தது. மேலேயும் ஒரு பிள்ளை ஒரு கையை உயர்த்திச் சிரித்துக்கொண்டிருந்தது. வெள்ளையம்மாள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மூன்று மாதமாக வராத அழுகையெல்லாம் வந்தது. சந்தோஷத்தில்தான் அழுதாள். ஒரு சின்ன உருண்டை வெண்ணெய் எடுத்து அதன் வாயில் வைத்தாள். அது அவள் விரலையும் சேர்த்துச் சப்பியது.

சவுரியம்மாள் தோட்டத்து வாசலுக்கு வெளியே நின்று வழியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். குழந்தையைத் திருப்பிக் கொடுத்தபோது வெள்ளையம்மாள் சொன்னாள்: "யாராண்டயும் மூச்சு வுடாத. உன் புருஷன் கிட்டக்கூட."

"நான் எதுக்கும்மா சொல்றேன்?" என்று சொல்லி, முந்தானையால் குழந்தையின் வாயைத் துடைத்துக்கொண்டு அவள் போனாள்.

மறுநாள் வெள்ளையம்மாள் ஒரு பொய் சொன்னாள். விழுப்புரத்தில் கட்டிக்கொடுத்த தன் தங்கை லட்சுமியம்மாள் உத்திரத்தன்று கைக்குழந்தையோடு ரயிலில் வந்து, அன்றைக்கே திரும்பிவிட்டாள் என்றாள். அந்தப் பிள்ளை தவழ்ந்துவிட்டதாம். நம்ப வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களை நம்பவைப்பது ஒரு வேலையா? தெருவே நம்பியது. சீனுவாசன் மட்டும் ஒரு தரம் அவளை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கொல்லைக்குப் போய்விட்டான்; படம் போனால் போதும் அவனுக்கு. சாயங்காலமே பெண்கள் மஞ்சள் குங்குமத்தோடு வந்து, படத்தை ஆணியிலிருந்து எடுத்து, சின்னபொண்ணு வீட்டில் மாட்டினார்கள். ஆறாம் மாதம் கடந்தது. ஏழும் எட்டும் கடந்தன. ஆனி மாதக் கடைசியில் சின்னபொண்ணுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்து, வீல் என்று தெருக்கோடி வரை கேட்கிற மாதிரி அழுதது.

வெள்ளையம்மாள் வீட்டுச் சுவரில் ஆணி மட்டும் இருந்தது. காலையில் கண் திறந்தால் வெறும் சுவர். கிணற்றடியில் மறுபடி பேசினார்கள். சீனுவாசன்கூட ஒருநாள் சிரித்துவிட்டான். சின்னபொண்ணு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வேலியோரம் வந்து, "உங்க புள்ளதாங்கா இது" என்று நீட்டுவாள். இரண்டு மாதம் இப்படி இருந்தது. அவள் வாழ்க்கையில் நல்ல காலம் என்று ஒன்று இருந்தால் அந்த இரண்டு மாதம்தான். அதற்கு மேல் இல்லை.

ஆவணியில் கிருஷ்ண ஜெயந்தி வந்தது. சின்னபொண்ணு வீட்டில் வாசலிலிருந்து படம் வரைக்கும் மாவால் சின்னச் சின்னப் பாதம் போட்டிருந்தார்கள். முறுக்கும் சீடையும் சுட்டார்கள். அன்றைக்குப் பார்த்து லட்சுமியம்மாள் அக்காளைப் பார்க்க விழுப்புரத்திலிருந்து வந்து இறங்கினாள். கையைப் பிடித்துக்கொண்டு ஆறு வயசுப் பையன். சும்மா இருக்க முடியாமல் அக்காளோடு பக்கத்து வீட்டுப் பூஜைக்கும் வந்தாள். சின்னபொண்ணு அவளைப் பார்த்ததும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க, என் ராசாவக் காப்பாத்தின புள்ள? தூக்கியாரலியா? ஒரு தரம் பாக்கணும்னு உசுரா இருக்கேன்."

"எந்தப் புள்ள? எனக்கு இவன் ஒருத்தன்தானே!" என்றாள் லட்சுமியம்மாள்.

"அது அவ நாத்தனார் புள்ள. நான் மாத்திச் சொல்லிட்டேன்" என்றாள் வெள்ளையம்மாள். தங்கை வாயைத் திறந்து மூடினாள். கூடத்திலிருந்த பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். சீடைத் தட்டு எல்லார் கைக்கும் போயிற்று.

மறுநாள் காலையில் சின்னபொண்ணு வேலியோரம் நின்று கூப்பிட்டாள். தோளில் பிள்ளை. தனியாகத்தான் வந்திருந்தாள்.

"யாரு புள்ளக்கா அது? என் கிட்ட மட்டும் சொல்லு. சாமி சத்தியமா யாராண்டயும் சொல்ல மாட்டேன். யாரா இருந்தாலும் எனக்குத் தெய்வம்தான்."

வெள்ளையம்மாள் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இன்னொரு பொய் சொல்லியிருக்கலாம். பொய்யா கிடைக்காது? ஆனால் அவளுக்கு ஓர் ஆசை. தான் எவ்வளவு பெரிய காரியம் செய்தோம் என்று உலகத்தில் ஒருத்திக்காவது தெரிய வேண்டும், அந்த ஒருத்தி தன் கையைப் பிடித்துக்கொண்டு அழ வேண்டும். எதிரில் இருக்கிற பிள்ளை தன்னால் உயிரோடு இருக்கிறது என்ற பெருமை ஐந்து மாதமாக உள்ளுக்குள் இருந்து அவளை அரித்தது. சொல்லிவிட்டாள். சவுரியம்மாளைக் கூட்டிவந்தது, ஜெயம் தரையைத் தட்டியது, கையைத் தூக்கிச் சிரித்தது, எல்லாவற்றையும் ஆசை ஆசையாகச் சொன்னாள்.

சின்னபொண்ணு முகம் வெளுத்தது. பிள்ளையை அந்தத் தோளிலிருந்து இந்தத் தோளுக்கு மாற்றினாள்.

"அந்தக் கையா? அந்தக் கை பட்ட படத்தையா என் புள்ள கண்ணு தொறந்து பாத்துச்சு?"

"கையே படலடி. அது கீழதான்..."

முடிக்கவில்லை. சின்னபொண்ணு ஓடிவிட்டாள். கொஞ்ச நேரத்தில் அந்த வீட்டுப் பின்கட்டில் குடம் குடமாகத் தண்ணீர் கொட்டுகிற சத்தமும், குளிரில் பிள்ளை வீறிடுகிற சத்தமும் கேட்டன. வெள்ளையம்மாள் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முள் கையில் ஏறியது தெரியவில்லை. தான் செய்தது என்ன என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

மத்தியானம் ஆண்கள் கோதண்டபாணி வீட்டில் கூடிப் பேசினார்கள். சீனுவாசன் திரும்பி வந்து, "நெஜமா?" என்று மட்டும் கேட்டான்.

"நெஜந்தாங்க. நான்தான் இஸ்துக்கினு வந்தேன். அவ வாணாம்னுதான் சொன்னா. என்னைய இன்னா வேணா பண்ணுங்க."

அவன் அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை. "புள்ள செத்ததுல உனக்குப் புத்தி பெரண்டுபோச்சுன்னு பெரியவரு சொல்றாரு. உன்னைய ஒண்ணும் சொல்ல வாணாமாம். நீ வெளிய வராத" என்றான். அவளுக்குக் கிடைத்தது அவ்வளவுதான், பரிதாபம். ஆனால் யாராவது ஒருவர் அடி வாங்கித்தானே ஆக வேண்டும்? அதிலும் ஒரு சிக்கல் இருந்தது. காரணத்தை வெளியே சொன்னால் சுற்றுவட்டாரத்தில் அந்தத் தெருவில் பெண் கொடுப்பவன் எவன், பெண் எடுப்பவன் எவன்? கோதண்டபாணி யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். சீனுவாசன் கொட்டகையில் ஒரு மூட்டை விதை மல்லாட்டை காணாமல் போனது.

அடுத்த நாள் காலை பெரியசாமியை ஏர்க்காலிலிருந்து கூட்டிவந்து களத்தில் வேப்பமரத்தில் கட்டினார்கள். மூட்டை சீனுவாசனுடையது என்பதால் முதல் அடி அவன் அடிக்க வேண்டியிருந்தது. "நான் எடுக்கலிங்க, ஐயா, நான் எடுக்கலிங்க" என்று பெரியசாமி கத்தியது தெருவுக்கே கேட்டது. வெள்ளையம்மாள் தலைவிரிகோலமாக ஓடினாள். "அவன் எடுக்கல! மூட்டையே போவல! நான்தான், நான்தான்!" என்று கத்தினாள். தெருவிலேயே நாலு பெண்கள் அவளைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருத்தி முந்தானையைச் சுருட்டி அவள் வாயில் வைத்து அழுத்தினாள். அன்பாகத்தான் அழுத்தினாள். "உள்ள வாம்மா, உனக்கு ஒடம்பு சரியில்ல" என்று முதுகைத் தடவிக்கொண்டே அழுத்தினாள்.

சாயங்காலத்துக்குள் ஏரிக்கரைக்கு அந்தப்புறம் ஒரு குடிசையின் கூரையைப் பிரித்துப் போட்டார்கள். இருட்டுவதற்கு முன் அந்தக் குடும்பம் ஊரை விட்டுப் போனது.

பிறகு சாமியைச் சுத்தம் செய்தார்கள். கோமியம் தெளித்தால் போதாது என்று கோதண்டபாணி சொல்லிவிட்டார். ஒரு வெங்கல அண்டாவில் பாலும் மஞ்சள் தண்ணீரும் நிரப்பி, சட்டத்தோடு படத்தை உள்ளே இறக்கி, ஒருநாள் பூராவும் ஊறவைத்தார்கள். அது கண்ணாடியின் பின்பக்கத்தில் கோந்தில் குழைத்த வர்ணத்தால் எழுதிய படம். இத்தனை வருஷம் வீட்டில் வைத்துக் கும்பிட்ட பதினேழு வீட்டில் ஒருவருக்கும் அது தெரியாது. எடுத்தபோது சட்டமும் கண்ணாடியும் வந்தன. அதற்கு அந்தப் பக்கம் நின்றவர்கள் முகம் தெரிந்தது. அண்டாவில் பால் ஒரு மாதிரிச் செம்பழுப்பாக இருந்தது. பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். அந்தச் சேரிப் பிள்ளையின் தீட்டு சாமியையே கரைத்துவிட்டது என்று தெரு முடிவு செய்தது. அண்டாவைப் பற்றி யாரும் பேசவில்லை. சின்னபொண்ணின் பிள்ளை மட்டும் இதெல்லாம் தெரியாமல் நன்றாக வளர்ந்தது, புரட்டாசியில் குப்புற விழுந்தது.

வெள்ளையம்மாள் அதற்கப்புறம் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. தூங்கவில்லை. பெரியசாமியின் குரல் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது என்று சொன்னால் பைத்தியம் என்பார்கள் என்று அதையும் சொல்லவில்லை. சித்திரையில் லட்சுமியம்மாளிடமிருந்து தகவல் வந்தது. விழுப்புரம் ஜங்ஷனில் கூட்ஸ் வண்டி நிற்கிற கொட்டகையில் உங்க ஊர் ஆள் ஒருத்தி சிந்துகிற மல்லாட்டையைப் பொறுக்கிக்கொண்டு இருக்கிறாள், உன்னைத் தெரியும் என்கிறாள். உடம்புக்கு மாற்றமாக இருக்கட்டும் என்று சீனுவாசனே அவளை ரயில் ஏற்றினான்.

பட்டணத்தில் ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ஓடிவந்துகொண்டிருந்த சமயம். விழுப்புரம் ஸ்டேஷனில் நிற்க இடமில்லை. வெள்ளையம்மாள் கூட்டத்தில் இடிபட்டு, கொட்டகைப் பக்கம் போய்ச் சேர்ந்தாள். சவுரியம்மாள் முறத்தில் மல்லாட்டையும் மண்ணுமாகப் புடைத்துக்கொண்டிருந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். பக்கத்தில் ஜெயம் நின்றுகொண்டிருந்தது, நடக்கிற பிள்ளையாகிவிட்டது. சவுரியம்மாள் பார்த்ததும் முறத்தை வைத்துவிட்டு எழுந்தாள்.

"வாங்கம்மா" என்றாள். அவள் அப்படிச் சொன்னதே வெள்ளையம்மாளுக்குத் தாங்கவில்லை.

"என்னைய மன்னிச்சிடு சவுரி."

சவுரியம்மாள் ஜெயத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"யாராண்ட சொன்னீங்க?"

"சின்னபொண்ணு கிட்ட."

"ஏம்மா சொன்னீங்க?"

வெள்ளையம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நான் யாராண்டயும் சொல்லலம்மா. நீங்க சொல்லக் கூடாதுன்னீங்க, நான் எங்க வூட்டுக்காரருகிட்டக்கூட சொல்லல. அடிக்கும்போதும் சொல்லல. இன்னிக்கு வரைக்கும் அவருக்குத் தெரியாது. மூட்டைக்குத்தான் அடிச்சாங்கன்னு நெனச்சிக்கினு இருக்காரு. தோளு ஒடைஞ்சு கை தூக்க முடியல. ராத்திரி பகலா அந்த மூட்டைய யாரு எடுத்திருப்பாங்கன்னுதான் பேச்சு. ஒரே பேஜாரா இருக்குதும்மா. இவரா இருக்குமா, அவரா இருக்குமான்னு ஊரு ஆளு ஒவ்வொருத்தன் பேரா சொல்லிக்கினு இருப்பாரு."

கொட்டகையின் மறுகோடியில் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான் பெரியசாமி. வெள்ளையம்மாளைப் பார்த்துவிட்டான். இடது கையால் தூணைப் பிடித்து எழுந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, விறுவிறுவென்று வந்தான். வலது கை பக்கத்தில் தொங்கியது. இவள் வாய் திறப்பதற்குள் அவன் தொடங்கிவிட்டான்.

"அம்மா, நான் எடுக்கலம்மா. என் புள்ள மேல சத்தியமா நான் எடுக்கல."

சொல்லிவிடலாம் என்றுதான் வந்தாள். சொன்னால் இவன் பெண்டாட்டியைத் திரும்பிப் பார்ப்பான். பிறகு அந்தப் பிள்ளையைப் பார்ப்பான். இன்னொரு முறை உண்மையைச் சொல்லி இன்னொரு வீட்டைக் கெடுக்கவா?

"தெரியும் பெரியசாமி. நீ எடுக்கல. எனக்குத் தெரியும்" என்றாள்.

அவன் முகம் மலர்ந்தது. பல் எல்லாம் தெரியச் சிரித்தான். கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"கேட்டியா சவுரி? அம்மாவே சொல்லிட்டாங்க! நான் சொன்னேனே, என்னிக்காவது தெரியும்னு! மூட்டை கெடச்சிடுச்சாம்மா? கெடச்சுத்தான் இருக்கும், இல்லாட்டி நீங்க இம்மாந்தூரம் தேடிக்கினு வருவீங்களா? ஐயா கிட்ட சொல்லுங்கம்மா, எனக்கு ஒண்ணும் மனசுல இல்ல. ஐயா அடிச்சதும் ஒரு அடிதான். ஆனியில ஏர் ஓட்டணுமே, எங்கள வுட்டா யாரு இருக்காங்க? நாங்க எப்போ வர்றதும்மா?"

சவுரியம்மாள் புருஷனைப் பார்க்கவில்லை. வெள்ளையம்மாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லி அனுப்புறேன்" என்றாள் வெள்ளையம்மாள்.